கிணற்றில் ஊற்றிய தண்ணீர்

அத்தியாயம் 11

பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள் என்று தங்கராசு சொன்னது சந்தோஷச் சேதிதான். ஆனாலும் அதைக் கேட்டதும் அவன் அம்மா செல்வம்மாளின் முகம் வெளுத்துப் போனதைப் போன வாரம் பார்த்தோம்.

காரணம் புழக்கடையில் இருந்தது.

தங்கராசுவுக்கு இதற்கு முன் வந்த சம்பந்தங்கள் எல்லாம் அந்தக் கிணற்றடியில்தான் முறிந்தன. வந்தவர்களுக்கு வீடு பிடித்தது. பையனையும் பிடித்தது. பின்னால் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஊருக்குப் போய்ச் சேதி சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பிவிட்டார்கள். சேதி வரவே இல்லை. தண்ணீர் இல்லாத ஊருக்கு எவன் பெண் கொடுப்பான்?

கிணறு சும்மா வற்றவில்லை. தங்கராசுவின் அப்பா கருப்பண்ணன் தன் மேட்டு நிலத்தைப் பாட்டில் தண்ணீர்க் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார். மகனுக்கு அங்கே வேலை போட்டுக் கொடுத்தார்கள். கம்பெனி போட்ட போர்வெல் ராப்பகலாக இழுத்தது. பூமிக்கு அடியிலிருந்த தண்ணீர் பாட்டிலில் அடைபட்டு லாரி ஏறித் திருச்சி ஓட்டல்களுக்குப் போனது. முதல் கோடையில் வெங்காயக் காட்டுக் கிணறு வற்றியது. அடுத்த கோடையில் வீட்டுக் கிணறு. அதன் பிறகு மருதங்காடு ஊரில் ஒவ்வொரு வீடாக வாளிச் சத்தம் அடங்கியது.

தங்கராசுவின் தங்கை மலர்க்கொடி அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தை விட்டாள். யாரும் நிறுத்தவில்லை. காலையில் தூரத்துப் பம்புசெட்டுக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வருவதற்குள் மணி அடித்துவிடும். அப்படியே நின்றுபோனது.

இந்தத் தடவை வருகிறவர்கள் ஏலாக்குறிச்சிப் பக்கம், கொள்ளிடக் கரைக்காரர்கள். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். பெண்ணின் அத்தை தன் கையால் மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைப்பாள். அதில் கை நனைத்துவிட்டுத்தான் வந்தவர்கள் இலையில் உட்காருவார்கள். கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம்.

"இறைக்க என்னத்த வச்சிருக்கோம்?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தாள் செல்வம்மாள்.

அப்போதுதான் மலர்க்கொடி வாயைத் திறந்தாள். அதிகம் பேசாத பெண் அவள். அவள் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

"ஊத்தி வச்சா என்ன?"

*

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் தங்கராசு கிணற்றுக்குள் இறங்கினான். கம்பெனியில் பாட்டில் கட்டுகளைச் சுற்றி வரும் பாலிதீன் தாள் அவன் தோளில் கிடந்தது. கிணற்றின் அடியில் பாறையில் ஒரு பள்ளம் உண்டு. ஊற்றுக்கண் இருந்த இடம். தாளை அதில் விரித்து ஓரங்களில் கல் வைத்தான்.

மேலே அட்டைப் பெட்டிகள் இருந்தன. மூடி கோணிப்போனது, லேபிள் ஏறுமாறாய் ஒட்டியது என்று கம்பெனி கழித்துவிட்ட பாட்டில்கள். கழித்ததைப் பொதுவாகக் கொட்டித் தீ வைத்துவிடுவார்கள். சாயங்காலத்தில் ஊரே இருமும். தங்கராசு மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்திருந்தான்.

"போடு புள்ள, புடிச்சிக்கிறேன்."

மலர்க்கொடி ஒவ்வொன்றாகப் போட்டாள். அவன் மூடியைத் திருகிப் பள்ளத்தில் கவிழ்த்தான். களக் களக்கென்று சத்தம் வந்தது. எத்தனை நாளாயிற்று அந்தக் கிணற்றில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு! செல்வம்மாள் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றாள்.

பாட்டில் தீர்ந்ததும் வீட்டிலிருந்த குடங்களையும் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். மலர்க்கொடி முந்தின நாள் முழுக்க நடந்து சுமந்த தண்ணீர். இடுப்புத் தோல் உரிந்து எரிந்தது. ஒரு குடம்கூட மிச்சம் வைக்கவில்லை. சமையலுக்கு வேண்டியது மட்டும் அண்டாவில் இருந்தது.

"அண்ணே, காலிப் பாட்டில் எல்லாத்தையும் சாக்குல அள்ளிட்டியா?"

"அள்ளிட்டேன், அள்ளிட்டேன். நீ கயித்த இழு."

மேலிருந்து எட்டிப் பார்த்தாள். பள்ளத்தில் தண்ணீர் நின்றது. அதில் ஒரு துண்டு வானம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கே நம்பத் தோன்றியது. இது ஊறிய தண்ணீர்தான் என்று.

வேலிக்கு அந்தப் பக்கம் வீராயி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனிக்கு நிலம் விட்ட நாளிலிருந்து இந்த வீட்டோடு அவளுக்கு ஒட்டுறவு இல்லை. அவளுடைய சினை ஆடு குப்பையில் கிடந்த பாட்டில் பாலிதீனைத் தின்று வயிறு ஊதிச் செத்த பிறகு பேச்சும் இல்லை. இன்றைக்குப் பேசினாள்.

"என்னடி செல்வம்மா, ஊருலாம் கெணத்துலேருந்து தண்ணி எடுப்பாங்க. உங்க வூட்டுல கெணத்துக்குக் குடுக்குறீங்களா? அதுக்குமா தாகம்?"

"ஒரு நல்ல காரியம் நடக்கப்போவுது வீராயி. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்? சொல்லுறதுக்கு அதுக்கு வாய் இருக்குது" என்று கிணற்றைக் காட்டிவிட்டுப் போனாள்.

*

பஸ் வந்து நின்றபோது வெயில் ஏறிவிட்டது. பெண்ணின் அப்பா வைத்திலிங்கம் சலவை வேட்டியில் வந்தார். கூடவே அவருடைய அக்கா கொளஞ்சியம்மாள், பெண்ணின் அத்தை. கெட்டியான உடம்பு, காதில் தண்டட்டி, கையில் ஒரு வயர்கூடை. பெண் அமிர்தவல்லியின் போட்டோவை அந்தக் கூடையில்தான் கொண்டு வந்திருந்தாள்.

"வாங்க வாங்க. வெயில்ல ரொம்பச் சிரமப்பட்டுட்டீங்க" என்றார் கருப்பண்ணன்.

"வெயிலு உங்களுக்கு மட்டும் தனியாவா அடிக்குது? எங்க ஊருலயும் இதே சூரியன்தான்" என்று கொளஞ்சியம்மாள் சிரித்தாள். மலர்க்கொடியின் தாடையைப் பிடித்துப் பார்த்தாள். "பொண்ணு ஏன் இப்படி எளைச்சுக் கெடக்கு? சோறு போடுறியா, இல்ல போட்டோ எடுத்துக் காட்டுறியா?"

செல்வம்மாள் சிரிக்க முயன்றாள். அத்தை நல்ல மாதிரிதான் என்று மலர்க்கொடிக்குத் தோன்றியது. அதுவே பயமாகவும் இருந்தது. நல்ல மனுஷியை ஏமாற்றுவது கெட்டவர்களை ஏமாற்றுவதைப் போல இல்லை.

வைத்திலிங்கம் உட்கார்ந்த கையோடு விஷயத்துக்கு வந்தார்.

"மாமா, பொண்ணு விஷயம் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்ககிட்ட இன்னொண்ணும் கேக்கணும்னுதான் நானே வந்தேன். உங்க ஊரு தண்ணிக் கம்பெனிக்காரங்க எங்க ஊருக்கும் வந்திருக்காங்க. கொள்ளிடத்தை ஒட்டி இருக்குற நம்ம படுகை நெலத்தைக் கேக்குறாங்க. வர்ற வெள்ளிக்கெழம கையெழுத்து. நீங்க முன்ன குடுத்தவங்க. சொல்லுங்க. குடுக்கலாமா?"

தங்கராசு தரையைப் பார்த்தான்.

"நான் வேணாங்கறேன்" என்று கொளஞ்சியம்மாள் குறுக்கே வந்தாள். "எங்க ஊரு மாதா கோயிலுக்கு பஸ்ஸு பஸ்ஸா ஜனம் வருது. எங்க தெருப் பொம்பளைங்க பந்தல் போட்டு, பானையில ஆத்துத் தண்ணி ஊத்தி வச்சுக் குடுக்குறோம். எங்க ஆத்தா காலத்துலேருந்து குடுக்குறோம். இனிமே அத பாட்டில்ல அடைச்சு விக்கலாம்னு சொல்றான் அந்தக் கம்பெனி ஆளு. குடிச்சுட்டு வீசுற பாட்டில எவன் பொறுக்குவான்? பானைன்னா ஒடைஞ்சாக்கூட மண்ணு மண்ணோட போவும்."

"அக்காவுக்கு உலகம் பானையோட நின்னு போச்சு" என்றார் தம்பி. "நீங்க சொல்லுங்க மாமா."

கருப்பண்ணன் தொண்டையைச் செருமினார். கிணறு வற்றிய நாளிலிருந்து புழக்கடைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். இன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்கப்பா" என்று மலர்க்கொடியின் நெஞ்சு கத்தியது. வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் கம்பெனி தங்கராசுவை வைத்திருக்குமா? கிணற்றைப் பற்றிச் சொல்லிவிட்டால் இந்தப் பெண்தான் கிடைக்குமா? அவள் யோசித்த அத்தனையும் அப்பாவின் முகத்தில் ஓடுவதைப் பார்த்தாள்.

"நல்ல கம்பெனிதான்" என்றார் கருப்பண்ணன். "ஒரு கொறையும் இல்ல."

"கெணத்துல தண்ணி?"

"கெடக்கு. போயிப் பாருங்களேன்."

*

கொளஞ்சியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியை எடுத்தாள். ராட்டினம் கிரீச்சிட்டது. எண்ணெய் போடாமல் துருப்பிடித்திருந்தது. 'புழங்குற கெணத்து ராட்டினம் இப்படியா கத்தும்?' என்று அவள் நினைத்திருக்க வேண்டும். ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு கயிற்றை விட்டாள்.

விட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் தொப்பென்று ஒரு சத்தம். இழுத்தாள். வாளியில் தண்ணீர் பாதிக்கு மேல் வந்தது. தெளிவான தண்ணீர். செல்வம்மாள் விட்ட மூச்சு மலர்க்கொடியின் கழுத்தில் பட்டது.

"பார்த்தியாக்கா? நீ சந்தேகப் பிராணி" என்றார் வைத்திலிங்கம்.

"சம்பந்தத்துக்கு வந்த எடத்துல சந்தேகப்படாம, கல்யாணம் முடிஞ்சா படுவாங்க?" அந்தத் தண்ணீரைக் குடத்தில் ஊற்றினாள். "இது கைக்கு. காலுக்கு இன்னொரு வாளி."

"போதும் அத்தை" என்றாள் மலர்க்கொடி. தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "நான் எடுத்துத் தரேன், குடுங்க."

"இருக்கட்டும் தாயி. நாளைக்கு எங்க புள்ள இங்கதான இழுக்கப் போறா? கனம் எப்படின்னு பாத்துக்கறேன்."

இரண்டாவது தடவை வாளி எங்கோ மாட்டியது. கொளஞ்சியம்மாள் ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். கீழே சரக்கென்று ஏதோ கிழிந்தது. அதன் பிறகு சின்னதாக ஒரு சத்தம், தாகத்தோடு ஒருவன் மடக்மடக்கென்று குடிக்கிற மாதிரி. மலர்க்கொடிக்குப் புரிந்துவிட்டது. தாள் கிழிந்துவிட்டது. கிணறு குடிக்கிறது.

வாளி மேலே வந்தது. அதில் கொஞ்சம் சேறு. சேற்றில் ஒரு காலிப் பாட்டில் நட்டுக்க நின்றது. கழுத்தில் கம்பெனி லேபிள் ஏறுமாறாய் ஒட்டியிருந்தது. வாளி விளிம்பில் கிழிந்த பாலிதீன் தொங்கியது.

வேலிக்கு அந்தப் பக்கம் வீராயிகூடச் சிரிக்கவில்லை.

கொளஞ்சியம்மாள் பாட்டிலை எடுத்துத் துடைத்துக் கிணற்றுச் சுவர்மேல் வைத்தாள். அதையே பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"கெணறு எப்ப செத்துச்சு?"

செல்வம்மாள் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "எம்புள்ளைக்கு ஒரு வழி பொறக்கணும்னுதான் அண்ணி. வேற ஒண்ணும் இல்ல அண்ணி."

"அழுவாத. தண்ணி இல்லாதது உன் குத்தமா?" கொளஞ்சியம்மாள் கருப்பண்ணனிடம் திரும்பினாள். "ஆனா தம்பி கேட்டான்ல, ஒரு ஊரே பொழைக்கிறதா சாவுறதான்னு? அதுக்கும் சேத்தா பொய் சொன்னீங்க?"

கருப்பண்ணனின் தலை தொங்கிவிட்டது.

மலர்க்கொடி கண்களை மூடிக்கொண்டாள். சம்பந்தம் போயிற்று. ஆனாலும் அடி மனதில் ஒரு நிம்மதி. இனி வைத்திலிங்கம் கையெழுத்துப் போட மாட்டார். ஒரு கிணறு செத்தது செத்ததுதான். அங்கே ஓர் ஊராவது பிழைக்கும்.

கண்ணைத் திறந்தபோது வைத்திலிங்கம் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இவ்வளவு பெரிசு பண்ற? இது வறண்ட காடு. வத்திடுச்சு. நம்மளது கொள்ளிடம். ஆறு வத்துமா? எந்தக் கம்பெனி உறிஞ்சி அத காலி பண்ண முடியும்?"

"தம்பி..."

"நீ சும்மா இரு. மாமா, நான் ஒண்ணு சொல்றேன். எம்பொண்ணு இங்க வந்து கொடம் தூக்க வேணாம். மாப்ள அங்க வரட்டும். புது எடத்துக்குத் தொழில் தெரிஞ்ச ஆளு வேணும்னு கம்பெனிக்காரன் சொன்னான். நம்ம நெலம், நம்ம மாப்ள. சூப்பர்வைசர் வேலை. என்ன மாப்ள?"

தங்கராசுவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதை மறைக்க அவனால் முடியவில்லை. மலர்க்கொடி அதைப் பார்த்துவிட்டாள்.

"இருக்குறது ஒத்த ஆம்பளப் புள்ள..." என்று செல்வம்மாள் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல இந்த வீட்டில் என்ன இருக்கிறது?

"அப்ப சாப்பிடலாம்" என்று வைத்திலிங்கம் கையை நீட்டினார்.

கொளஞ்சியம்மாள் குடத்தைக் காலால் தள்ளிவிட்டாள். அது உருண்டது. முதல் வாளித் தண்ணீர் அத்தனையும் மண்ணில் ஓடியது. "இந்தத் தண்ணியில நான் கை நனைக்க மாட்டேன்."

"கை நனையணும், அவ்வளவுதான? எந்தத் தண்ணியா இருந்தா என்ன?" அவர் கூடத்துக்குப் போனார். வந்தவர்கள் குடிக்க என்று ஒரே ஒரு நல்ல பாட்டிலைத் தங்கராசு எடுத்து வைத்திருந்தான். "இந்தாம்மா, இத ஒடைச்சு ஊத்து."

பாட்டில் மலர்க்கொடியின் கைக்கு வந்தது. மூடியைத் திருகினாள். சீல் டிக்கென்று உடைந்தது. வைத்திலிங்கத்தின் கையில் ஊற்றினாள். அவர் விரல்களை உரசிக் கழுவினார். சம்பந்தம் முடிந்தது.

*

கொளஞ்சியம்மாள் சாப்பிடவில்லை. வாசலில் நின்றாள். பந்தி நடக்கும்போது மலர்க்கொடியைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"நான் சொன்னா எந்தம்பி கேக்க மாட்டான். பாத்தல்ல? ஆனா எங்க தெருப் பொம்பளைங்க கேப்பாங்க. பந்தல் போடுறவங்க. பாதிப் படுகை அவங்க வூட்டுதுதான். வெள்ளிக்கெழமைக்கு முன்ன நீ ஒரு தடவை வந்து, உன் வாயால சொல்லு. இந்தக் கெணத்துக்கு என்ன ஆச்சுன்னு. வர்றியா?"

மலர்க்கொடி கூடத்தின் பக்கம் திரும்பினாள். அவள் போய்ச் சொன்னால் கையெழுத்து நிற்கும். கையெழுத்து நின்றால் அண்ணனுக்கு வேலை இல்லை, பெண்ணும் இல்லை. உள்ளே அண்ணன் என்னவோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அவன் சிரித்து எவ்வளவு காலமாயிற்று?

ஓடிப்போய்க் கிணற்றுச் சுவர்மேல் இருந்த சேற்றுப் பாட்டிலை எடுத்துவந்தாள். பழந்துணியில் சுற்றி அத்தையின் கூடையில் வைத்தாள்.

கொளஞ்சியம்மாள் அதையும் அவளையும் பார்த்தாள்.

"பாட்டிலு பேசுமாடி?" என்றாள்.

அதில் கோபம் இல்லை. அதைத்தான் மலர்க்கொடியால் தாங்க முடியவில்லை.

*

அவர்கள் பஸ்ஸுக்குப் போன பிறகு வீட்டில் கை கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. எச்சில் இலைகள் வாசலில் கிடந்தன. தங்கராசு கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு ஏறினான். பள்ளத்தில் ஈரம்கூட இல்லை என்றான்.

மலர்க்கொடி குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். உரிந்த தோலில் பட்டு எரிந்தது. இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

பஸ் நிற்கும் வேம்படியில் வீராயி உட்கார்ந்து எதையோ துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கிட்டத்தில் வந்ததும் தெரிந்தது. ஏறுமாறாய் ஒட்டிய லேபிள்.

"இது... இது எப்படி?"

"அந்தச் சலவ வேட்டி ஆளு கூடையிலேருந்து புடுங்கி, பஸ்ஸு ஜன்னல் வழியா வீசுனான். எனக்கு எண்ணெய் வாங்க ஆவும்னு எடுத்தேன். எங்க ஆட்டக் கொன்ன சனியன், எனக்கு எண்ணெயாச்சும் சொமக்கட்டும்."

அவ்வளவுதான். சேற்றோடு அனுப்பிய ஒரே சாட்சியும் வீராயி வீட்டு எண்ணெய்க்கு வந்துவிட்டது.

"மரமாட்டம் ஏன் நிக்கிற?" என்றாள் வீராயி. "அந்தப் பொம்பள பஸ்ஸுல போவல."

"என்ன?"

"பாட்டில வீசுனதும் சண்ட. 'நிறுத்துய்யா வண்டிய'ன்னு ஒரே கத்து. கூடையோட எறங்கிடுச்சு. உன் பேரச் சொல்லி, நீ எந்தப் பக்கம் தண்ணிக்குப் போவேன்னு கேட்டுச்சு. பம்புசெட்டுப் பக்கம் கைய காட்டுனேன். அங்கதான் நடந்து போவுது."

மலர்க்கொடி திரும்பிப் பார்த்தாள். வீட்டுக் கூரை தெரிந்தது. வாசலில் அண்ணன் நின்று, தன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பான்.

முன்னால் காய்ந்த வெங்காயக் காடு. வரப்பெல்லாம் நீல மூடிகள் வெயிலில் மின்னின. அதற்கப்பால், தூரத்தில், ஒரு சேலை நிறம் நகர்ந்துகொண்டிருந்தது.

அத்தையைப் பார்க்கவும் பயம். பார்க்காமல் போகவும் பயம். வேறு வழியாகச் சுற்றிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வேறு வழி இல்லை. மருதங்காட்டில் இப்போது தண்ணீர் இருப்பது அந்த ஒரு பக்கத்தில்தான்.

காலிக் குடத்தோடு அவள் நடக்க ஆரம்பித்தாள்.